மிருகக்காட்சிச் சாலையில் ஒரு பாடம்: கரடியின் முன் அரைமணி நேரம்

பெங்களூர் காக்ஸ் டவுன் சந்தையை அடுத்த தெருக்களில் காலை வேளையில் வானத்தை அண்ணாந்து நோக்கினால், இறைச்சிக் கடைகளுக்கு மேலே கள்ளப்பருந்துகள் வட்டமிடுவதைக் காணலாம். இப்பருந்தின் வால் நுனி உட்புறமாகப் பிளவுபட்டிருக்கும். இப்பிளவை ஒரு முறை கண்டுகொண்ட சிறுவன், வெண்தலையும் செந்நிற உடலும் வட்டமான வால் நுனியும் உடைய செம்பருந்தை அதனோடு சேர்த்து மயங்கமாட்டான். ஆயினும் அத்தெருவிலேயே பிறந்து வளர்ந்த மூன்றாம் வகுப்பு மாணவரைப் பார்த்து, "உங்களுக்குத் தெரிந்த பிராணிகளைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை என்றே விடை வரும். பருந்து வராது, அணில் வராது, பல்லியும் வராது. "பருந்து பறவைதானே ஐயா, அதுவும் பிராணியா?" என்று கேட்கும் குழந்தைகளும் உண்டு.

படப்புத்தகத்தில் உள்ளதே பிராணி, தெருவில் உள்ளது ஏதோ ஒன்று என்னும் இவ்வெண்ணத்தை மிருகக்காட்சிச் சாலைப் பயணம் மாற்றக்கூடும். முன்னிலும் உறுதிப்படுத்திவிடவும் கூடும். எது நிகழும் என்பது நாம் அப்பயணத்தை நடத்தும் முறையைப் பொறுத்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும், சாலைகளில் பணிபுரியும் வழிகாட்டிகளுக்கும் காவலர்களுக்கும் பயன்படும் பொருட்டு அம்முறையை இங்கு விவரிக்கிறோம்.

முதலில் தவறான முறையைக் கூறிவிடுகிறேன்; அது நானே செய்தது. பல ஆண்டுகளுக்கு முன் எழுபது மாணவரை இரண்டு பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு ஒரு மிருகக்காட்சிச் சாலைக்குச் சென்றோம். இரண்டரை மணி நேரத்தில் அங்கிருந்த அனைத்தையும் காட்டிவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம். வரிசை கலையாமல் இருப்பதிலேயே ஆசிரியர் அனைவரின் கவனமும் சென்றது. ஒவ்வொரு கூண்டின் முன்னும் பெயர்ப்பலகையை உரக்கப் படித்தோம்; குழந்தைகள் திருப்பிச் சொன்னார்கள்; நகர்ந்தோம். மறுநாள் "என்ன கண்டீர்கள்?" என்று எழுதச் சொன்னபோது, பெரும்பாலோர் எழுதியது வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு குரங்கு எங்கள் ஆசிரியை ஒருவரின் கையிலிருந்து சோற்றுப் பொட்டலத்தைப் பறித்துச் சென்ற காட்சியைத்தான். அன்று நான் வருந்தினேன். பின்னர் எண்ணிப் பார்க்கையில், அன்றைய தினம் அவர்கள் உண்மையில் உற்றுநோக்கிய ஒரே பிராணி அந்தக் குரங்குதான் என்பது விளங்கிற்று. அது எவ்வாறு வந்தது, எந்தக் கையால் பறித்தது, எந்த மரத்தில் ஏறியது, குட்டிக்குக் கொடுத்ததா இல்லையா என்பதையெல்லாம் பிழையின்றி எழுதியிருந்தார்கள்.

உயிருள்ள பிராணிக்குள்ள இந்த ஈர்ப்பு நம் நாட்டில் நெடுங்காலத்திற்கு முன்பே கவனிக்கப்பட்ட ஒன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்டு பால்ஃபர், அங்கு உயிருடன் வைக்கப்பட்ட ஓரிரு விலங்குகளைக் காணவே மக்கள் திரள்வதைக் கண்டு, 1855-ஆம் ஆண்டில் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிச் சாலையை ஏற்படுத்தினார். அதன் வழித்தோன்றலே 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. மைசூரில் 1892-இல் சாமராஜேந்திர உடையார் நிறுவிய சாலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. காக்ஸ் டவுன் பள்ளிகளுக்கு அண்மையில் உள்ளது பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா. நகரின் வடகிழக்கிலிருந்து தென்புறம் வரை ஊரைக் குறுக்கே கடந்து செல்ல வேண்டியிருப்பதால் பயணத்திற்கே பெரும்பொழுது போய்விடும். நேரக் கணக்கில் இதை மறவாதிருத்தல் நன்று.

சாலையைக் கல்விக்கூடமாக ஆக்கும் முயற்சியிலும் இப்பகுதிக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவிலிருந்து யோகம் பயில மைசூருக்கு வந்த சாலி வாக்கர் என்னும் அம்மையார், அங்குள்ள சாலையின்மீது பற்றுக்கொண்டு 1980-களின் தொடக்கத்தில் மைசூர் சாலையின் நண்பர்கள் என்ற குழுவை அமைத்தார். 1985-இல் அவர் தொடங்கிய ஜூ அவுட்ரீச் நிறுவனம் பின்னர் கோயம்புத்தூருக்கு மாறி, நாடெங்கும் உள்ள சாலைப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் பயிற்சி வகுப்புகளை நடத்தியது. அட்டை முகமூடி, சிறு நாடகம், விவாதம், கையில் கட்டிக்கொள்ளும் காப்புக்கயிறு முதலிய எளிய பொருள்கள் கொண்ட பாடப்பொதிகள் அவர்கள் வழக்கத்திற்குக் கொண்டுவந்தவை. வாக்கர் அம்மையார் 2019-இல் காலமானார். முகமூடி அணிந்த குழந்தை கூச்சத்தை விட்டுவிடும் என்பது இப்பொதியைக் கையாண்ட ஆசிரியர் எவரும் அறிந்ததே. ஆயினும் முகமூடி பாடத்தின் இறுதியில் வரவேண்டும். விலங்கைக் காணுமுன் கொடுத்தால், குழந்தை தான் முன்பே திரைப்படத்தில் கண்ட கரடியைத்தான் நடிக்கும்.

இனி முறைக்கு வருவோம். பயிற்சிக்கு ஒரே ஒரு விலங்கைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றைப் போகிற வழியில் காணட்டும், தடையில்லை. ஆனால் அரைமணி நேரம் ஒரு விலங்கின் முன் அமர வேண்டும். அதற்கு ஆசிரியர் ஒரு வாரம் முன்னதாகத் தனியே சென்று, எந்த விலங்கின் இருப்பிடம் நின்று காணத்தக்க இடத்தில் உள்ளது, அங்கு நிழல் உண்டா, உணவு எப்பொழுது வைக்கப்படுகிறது என்பவற்றைக் கேட்டறிந்துவர வேண்டும். ஊர்தியில் சென்று காணும் பகுதி குழந்தைகளுக்குப் பெருமகிழ்ச்சி தரும். ஆயினும் ஊர்தி நிற்காது, ஆகவே பாடத்திற்கு ஏற்றதன்று. பன்னேர்கட்டா, மைசூர், வண்டலூர் ஆகிய மூன்றும் செவ்வாய்க்கிழமைகளில் வழக்கமாக மூடப்பட்டிருக்கும் என்பதை அறியாமல் பேருந்தை அமர்த்திவிட்ட பள்ளிகளும் உண்டு.

எடுத்துக்காட்டாகக் கரடியைக் கொள்வோம். நம் நாட்டுக் காடுகளில் வாழும் கருநிறக் கரடி சிறுவர்க்கு மிகவும் பொருத்தமான பாடம். கர்நாடகத்தில் இதற்கெனவே 1994-இல் தரோஜி என்னுமிடத்தில் ஒரு புகலிடம் அமைக்கப்பட்டது. காக்ஸ் டவுன் குழந்தைகளுக்கு மற்றொரு வசதியும் உண்டு. அவர்கள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுவோர். சாலையின் காவலர் பெரும்பாலும் கன்னடத்தில் விளக்குவார். தமிழில் புலி, கன்னடத்தில் ஹுலி. பல் என்பது ஹல்லு. பாம்பு என்பது ஹாவு. நம் பகரம் அங்கு ஹகரமாவதைக் குழந்தைகள் தாமே கண்டுபிடித்து, வழிநெடுகச் சொல்லி விளையாடுவார்கள். கரடி மட்டும் இரண்டிலும் கரடியே.

வகுப்பில் முன்னாயத்தமாக ஒரு செயல். கரடியின் முன்கால் நகங்கள் ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீளமுடையவை. தடித்த அட்டையில் அந்த அளவுக்கு நகங்களை வெட்டி, குழந்தைகளின் விரல்களில் நூலால் கட்டுங்கள். இந்த நகத்துடன் எழுதுகோலைப் பிடிக்க முயலட்டும். பின்னர் மண் தொட்டியில் தோண்டட்டும். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது சொல்லாமலே விளங்கும். அடுத்து, ஒரு தட்டில் சிறு சிறு தாள் துண்டுகளைப் பரப்பி, மேலே சிறிது உலர்ந்த இலைத்தூளைத் தூவுங்கள். உறிஞ்சுகுழலால் முதலில் ஊதித் தூளை விலக்கி, பிறகு துண்டுகளைக் குழலின் நுனியில் உறிஞ்சிப் பிடித்து வேறு தட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். துண்டுகள் குழலின் வாயைவிடப் பெரியவையாக இருக்க வேண்டும். இல்லையேல் தொண்டைக்குள் போய்விடும். கரடி கறையான் புற்றைத் தோண்டி உண்பது ஏறக்குறைய இப்படித்தான். நகத்தால் புற்றைப் பெயர்க்கும். மூச்சால் மண்ணை ஊதித் தள்ளும். பின்னர் உதடுகளைக் குழல்போல் நீட்டி உறிஞ்சும். அப்போது மூக்குத்துளைகளைத் தானே மூடிக்கொள்ள அதனால் இயலும். மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டு இல்லாமையால் அவ்விடைவெளி உறிஞ்சுவதற்கு வழிவிடுகிறது. பிற கரடிகளுக்கு 42 பற்கள் என்றால் இதற்கு 40. இது உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும் என்பர்.

இந்நகங்களும் பல்லின்மையும் ஒரு புகழ்பெற்ற விலங்கியலாரையே ஏமாற்றியிருக்கின்றன. 1791-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஷா என்பவர் இவ்விலங்கை விவரிக்கும்போது, தென் அமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கும் மந்த விலங்கின் உறவு என்று கருதி, அவ்வினப் பெயரையே சூட்டிவிட்டார். கரடிதான் என்பது பிறகே தெளிந்தது. ஆனால் அந்த மந்தப் பெயர் ஆங்கில வழக்கில் இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இக்கதையைக் குழந்தைகளுக்கு அவசியம் கூறுங்கள். உடலின் ஓர் உறுப்பை மட்டும் கண்டு முடிவுகட்டினால் அறிஞரும் தவறுவர் என்று அறியும்போது, தம் தவறுகளுக்கு அவர்கள் அஞ்சமாட்டார்கள்.

சாலையில் எட்டு அல்லது பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் வீதம் குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழந்தையிடமும் மூன்று பத்திகள் வரைந்த தாள் இருக்கட்டும். முதற்பத்தி கண்டது, இரண்டாவது கருதியது, மூன்றாவது கேட்க விரும்புவது. இதில்தான் பயிற்சியின் உயிர் இருக்கிறது. "கரடி சோம்பலாக இருக்கிறது" என்று ஒரு குழந்தை முதற்பத்தியில் எழுதும். கடிந்துகொள்ள வேண்டாம். "சோம்பலை எங்கே கண்டாய்? என்ன செய்தது?" என்று கேளுங்கள். "கண்ணை மூடிக் கல்லின்மேல் படுத்திருந்தது" என்று கூறும். முன்னது இரண்டாம் பத்திக்கு உரியது, பின்னது முதற்பத்திக்கு உரியது என்பதை அக்குழந்தையே இடம்மாற்றி எழுதட்டும். எட்டு வயதில் இவ்வேறுபாட்டை உணர்ந்த குழந்தை விஞ்ஞானத்தின் வாசலைத் தாண்டிவிட்டது என்றே நான் கருதுகிறேன். பல பட்டதாரிகள் இன்னும் வாசலில் நிற்கிறார்கள்.

அரைமணி நேரம் குழந்தைகள் சும்மா இருப்பார்களா என்று ஐயுறுவோர், நிமிடத்திற்கு ஒரு முறை மெல்லக் கையுயர்த்தி அடையாளம் காட்டட்டும். அந்தக் கணத்தில் கரடி படுத்திருக்கிறதா, நடக்கிறதா, உண்கிறதா, தோண்டுகிறதா என்று ஒரு கோடு இட வேண்டும். அரைமணியில் முப்பது கோடுகள். விலங்கு நடத்தையை ஆராய்வோர் கையாளும் முறையும் இதுவே. 1974-இல் ஜீன் ஆல்ட்மன் என்ற அம்மையார் எழுதிய கட்டுரை இத்தகைய முறைகளை ஒழுங்குபடுத்தி வகுத்தது. திரும்பி வந்தபின் கணக்குப் பாடத்தில் அக்கோடுகளைக் கூட்டிப் பட்டை வரைபடம் ஆக்கலாம்.

இங்கு ஒரு கடினமான இடம் உண்டு. முதன்முறை நான் அதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. முப்பது கோடுகளில் பதினான்கு "தலையை ஆட்டுகிறது" என்று ஒரு குழு எழுதியது. கரடி ஒரே இடத்தில் நின்று தலையை இடமும் வலமும் மாறாமல் அசைத்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் முதலில் சிரித்தார்கள், நடனமாடுகிறது என்றார்கள். பத்தாம் நிமிடத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு சிறுமி கேட்டாள்: "இதற்கு ஏதோ ஆகிவிட்டதா, ஐயா?"

"ஒன்றும் இல்லை, விளையாடுகிறது" என்று கூறி நகர்ந்துவிடலாம். அவ்வாறு கூறினால், அரைமணி நேரம் தன் கண்ணால் கண்டதை நம்ப வேண்டாம் என்று அக்குழந்தைக்குக் கற்பித்தவராவோம். உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் வயதுக்கு ஏற்ற அளவில் சொல்ல வேண்டும். அடைபட்டு வாழும் விலங்குகள் சில, பயனேதும் இன்றி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதுண்டு. புலி ஒரே தடத்தில் நடக்கும். யானை உடலை ஆட்டும். கரடி தலையை அசைக்கும். காட்டில் கரடி நாளின் பெரும்பகுதியை உணவு தேடுவதில் கழிக்கிறது. புற்றைத் தேட வேண்டும், தோண்ட வேண்டும், கொன்றைப் பழமும் நாவலும் இலந்தையும் பழுக்கும் காலம் அறிந்து அலைய வேண்டும். தட்டில் வைத்த உணவோ சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மீதிப் பொழுதிற்கு வேலை இல்லை. இளமையில் பட்ட துன்பமும் காரணமாகலாம்.

பன்னேர்கட்டாவில் இதற்கு ஒரு வரலாறே உண்டு. கரடியை ஆட்டிப் பிழைத்த கலந்தர் எனப்படும் மக்கள், காட்டிலிருந்து கவரப்பட்ட குட்டிகளின் மூக்கில் காய்ச்சிய ஊசியால் துளையிட்டுக் கயிறு கோத்து, பற்களை உடைத்துப் பழக்குவர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னும் இவ்வழக்கம் நீடித்தது. 2005-இல் வனத்துறையும் வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து பன்னேர்கட்டாவில் மீட்பு நிலையம் அமைத்தன. கரடியை ஒப்படைத்த குடும்பங்களுக்கு வேறு தொழிலுக்கு உதவி அளிக்கப்பட்டது. 2009-க்குள் தெருக்களில் கரடியாட்டம் ஏறக்குறைய மறைந்தது. அந்த மனிதரைக் கொடியவர் என்று மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையன்று. தலைமுறை தலைமுறையாக வேறு பிழைப்பு அறியாதவர் அவர். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு வெளியிட்ட ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலைப் பாடநூலில் பாம்பாட்டிக் குடும்பத்துச் சிறுவன் தன் கதையைக் கூறும் பாடம் ஒன்று இடம்பெற்றிருந்தது. அதை இதனுடன் சேர்த்து நடத்தினால் குழந்தைகள் இரு பக்கத்தையும் எண்ணுவார்கள்.

அச்சிறுமிக்கு நான் அன்று முழு விடை அளிக்கவில்லை. அளித்தவர் அங்கிருந்த காவலர். எங்கள் ஆசிரியர் எவருக்கும் தெரியாத ஒன்றை அவர் கூறினார்: "உணவைத் தட்டில் வைக்காத நாளில் இது தலையாட்டுவது குறைகிறது." மரக்கட்டையில் துளையிட்டுத் தேன் பூசி வைப்பது, புற்றைப் போல் மண்மேடு எழுப்பி அதனுள் உணவை ஒளிப்பது, நேரத்தை மாற்றி மாற்றி வைப்பது ஆகியவற்றை விவரித்தார். குழந்தைகள் அட்டை நகத்தையும் உறிஞ்சுகுழலையும் நினைவுகூர்ந்து, கட்டையின் துளை எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று அவரிடமே வாதிட்டார்கள்! சாலைப் பணியாளர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இதுதான். மனப்பாடம் செய்த எடை, உயரம், ஆயுள் விவரங்களைப் பலகை கூறும். நீங்கள் நாள்தோறும் கண்டதைக் கூறுங்கள். அதைக் கூற வல்லவர் வேறு எவருமில்லர்.

கல்லெறிதல், கூச்சலிடல், தின்பண்டம் வீசுதல் ஆகியவற்றைக் குறித்தும் ஒரு சொல். வனவிலங்குச் சட்டத்தின் 38-ஜே பிரிவு இவற்றைச் சாலைகளில் தடைசெய்கிறது. ஆனால் குழந்தைகளுக்குச் சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதில் பயனில்லை. கோடு இட்டுக்கொண்டிருக்கும் குழந்தை கல்லெறிவதில்லை. பக்கத்தில் வந்து கூச்சலிடும் பெரியவரைக் கண்டு, "சத்தம் போடாதீர்கள் மாமா, எங்கள் கணக்குக் கெட்டுவிடும்" என்று அதுவே சொல்லிவிடும்.

பள்ளிக்குத் திரும்பியபின் முகமூடி நாடகம் நடத்தலாம். கரடி, கலந்தர், காவலர், கறையான் என்று நால்வர் போதும். அதைவிட முக்கியம், மூன்றாம் பத்தியில் எழுதிய கேள்விகளைச் சுவரில் ஒட்டி வைப்பது. பலவற்றுக்கு நூலில் விடை உண்டு. தாய்க் கரடி குட்டிகளை முதுகில் சுமக்குமா என்ற கேள்விக்கு, ஆம், பல மாதங்கள் வரை சுமக்கும் என்று உடனே கூறிவிடலாம். சிலவற்றுக்கு மீண்டும் உற்றுநோக்கியே விடை காண வேண்டும். அதற்குச் சாலைக்குப் போகத் தேவையில்லை. அல்சூர் ஏரி காக்ஸ் டவுனுக்கு மிக அண்மையில் உள்ளது. அங்கு கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீன் பிடிப்பதைப் பார்த்து, ஒன்று மிதந்தபடி பையால் முகப்பதையும் மற்றொன்று மூழ்கித் துரத்துவதையும் அதே மூன்று பத்தித் தாளில் எழுதலாம்.

சென்ற ஆண்டுப் பயிற்சியின் தாள்களில் கரடிக்குத் தொடர்பே இல்லாத கேள்வி ஒன்று இருந்தது: "எங்கள் தெருப் பருந்து தண்ணீர் எங்கே குடிக்கும்?" ஆசிரியர் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. மொட்டைமாடியில் அகன்ற மண்சட்டி ஒன்றில் நீர் நிரப்பி வைத்து, இடைவேளைதோறும் இருவர் வீதம் படிக்கட்டு மறைவிலிருந்து கோடு இட்டு வருகிறார்கள். இதுவரை காகம், மைனா, அணில், ஒரு பூனை. பருந்து இருமுறை கைப்பிடிச் சுவர் வரை வந்து திரும்பிவிட்டது. சட்டி மிகச் சிறிது என்பது நான்காம் வகுப்பினரின் கருத்து. இரண்டாம் பத்தியில் அவ்வாறே எழுதியிருக்கிறார்கள். பெரிய சட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.